மழையில் கண்ணை மூடிக்கொண்ட ரேடார்: பேஸ்பேண்ட் சர்க்யூட்டில் நான் பட்ட பாடு

ரேடார் பெறுவிக்கு (ரிசீவருக்கு) அனலாக் பேஸ்பேண்ட் சர்க்யூட், அதாவது திரும்பி வந்த சிக்னலைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கிய பிறகு பெருக்கி வடிகட்டும் பகுதி, வடிவமைக்கும் வேலை தனியாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? நாய்ஸ் (சர்க்யூட்டின் சொந்த இரைச்சல்) கணக்கில் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் எனக்கு ஏழெட்டு மாதம் போனது, கையிலிருந்து ஏறக்குறைய பதினோராயிரம் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) போனது. பணம் போனதைவிட, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் விழித்திருந்த இரவுகள்தான் அதிகம் வலித்தன. சிங்கப்பூரில் அனலாக் வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சிப் நிறுவனங்களில் இருக்கிறார்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைக் காப்பிக்கடையில் உட்காரவைத்து சர்க்யூட் படம் காட்டிக் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அதனால் எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கிய விஷயங்களை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் சொந்தமாகச் சின்ன அளவில் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பு வேலை எடுத்துச் செய்பவள். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஓடும் கிரேன்களுக்கு, ஆளோ லாரியோ குறுக்கே வந்தால் எச்சரிக்கும் ரேடார் பெட்டி வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். 24 கிகாஹெர்ட்ஸ் சிப் ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. முதலில் வேலையை எடுத்தவர் பாதியில் விலகிவிட, அவர் விட்டுச் சென்ற சர்க்யூட் படமும் ஒரு விவரக்குறிப்பும் மட்டும் என் கைக்கு வந்தன. 2 மீட்டரிலிருந்து 60 மீட்டர் வரை பார்க்க வேண்டும். கடைசித் தவணைப் பணம், பெட்டி களத்தில் எல்லா வானிலையிலும் ஓடிக் காட்டிய பிறகு. "எல்லா வானிலையிலும்" என்ற அந்த இரண்டு சொற்கள்தான் பிறகு என்னை வதைத்தன.

இந்த வகை ரேடார் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்களுக்கு அது வேண்டும். அனுப்பும் அலையின் அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே போகும். எங்கள் பெட்டியில் 1 மில்லிவிநாடியில் 150 மெகாஹெர்ட்ஸ் ஏறும், பிறகு சட்டென்று தொடக்கத்துக்குத் திரும்பும். பொருளில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வருவதால், மிக்சரில் இரண்டையும் கலந்தால் வித்தியாச அதிர்வெண் கிடைக்கும். தூரம் கூடக் கூட அந்த அதிர்வெண்ணும் கூடும். எங்கள் எண்களுக்கு 1 மீட்டர் என்றால் சரியாக 1 கிலோஹெர்ட்ஸ். ஆக 2 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலைப் பெருக்கி, வடிகட்டி, ஏ.டி.சி.க்கு (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் சிப்) கொடுப்பதுதான் பேஸ்பேண்டின் வேலை. கேட்க ஆடியோ ஆம்ப்ளிஃபையர் மாதிரி இருக்கும். அந்த எண்ணத்தோடு உள்ளே போகாதீர்கள்.

என் மேசையில் போர்டு அருமையாக ஓடியது. ஜன்னல் வழியாக எதிர் புளோக்கின் தாழ்வாரம் வரை பார்த்தது. களத்தில் கிரேனில் மாட்டியதும் முதல் வாரம் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் மழைக்காலம் தொடங்கியது. மழை பெய்தால் பெட்டி குருடாகிவிட்டது. கொஞ்சம் மங்கிப் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. 10 மீட்டரில் நிற்கும் லாரியைக்கூடக் காணோம்.

மழை அலையை உறிஞ்சிவிடும், 24 கிகாஹெர்ட்ஸில் அப்படித்தான் என்று வாடிக்கையாளர் தரப்பில் சொன்னார்கள். ஆன்டெனாவை மாற்றச் சொன்னார்கள், பவரைக் கூட்டச் சொன்னார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டுகிற மழையிலும் இந்த அதிர்வெண்ணில் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து டெசிபெல் அளவில்தான் இழப்பு. 60 மீட்டர் போய் 60 மீட்டர் திரும்பினால் 2 டெசிபெல்கூடத் தேறாது. அதனால் லாரி மறையாது. கணக்கு ஒன்று சொல்கிறது, கண் ஒன்று பார்க்கிறது. இடையில் மாட்டிக்கொண்டு தூக்கம் போன காலம் அது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்கு போட்டிருந்த வாரங்களில் நான் மழைக்கோட்டோடு கிரேன் அடியில் நின்றுகொண்டிருந்தேன். கையிருப்பு கரைவதை வீட்டில் சொல்லவும் மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மறுபடியும் சம்பளத்துக்குப் போய்விடலாமா என்று தீவிரமாக யோசித்தேன்.

வழி காட்டியது கிரேன் பராமரிப்பில் இருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர். "அக்கா, மழை நின்னு அரை மணி நேரம் ஆனாலும் பெட்டி மேல தண்ணி காயிற வரைக்கும் இது முழிக்க மாட்டேங்குது. வெயில் அடிச்சா தானா சரியாயிடுது" என்றார். காற்றில் மழை இல்லாதபோதும் குருடு என்றால், கோளாறு பெட்டியின் முகப்பு மூடியில் படிந்திருக்கும் நீரில்தான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, சமையலறைத் துண்டை நனைத்துப் பிழிந்து மூடிமேல் போட்டேன். மேசையிலேயே ரேடார் செத்தது. மழைக்காகக் காத்திருந்த வாரங்களை நினைத்து அழுகையே வந்துவிட்டது. முதல் குறிப்பு இதுதான்: உங்கள் ரேடாரை அதன் இறுதிப் பெட்டிக்குள் வைத்து, ஈரத்துணி போட்டு, முதல் நாளே சோதியுங்கள். செலவு ஒரு காசு இல்லை.

ஈரத்துணி என்ன செய்தது என்பதை மிக்சர் வெளியீட்டில் ஆஸிலோஸ்கோப்பை வைத்தபோதுதான் பார்த்தேன். ஆன்டெனாவிலிருந்து சில சென்டிமீட்டரில் இருக்கும் மூடியும் ஒரு பொருள்தான். 3 சென்டிமீட்டருக்கு 30 ஹெர்ட்ஸ். 1 மில்லிவிநாடியில் அது ஒரு சுற்றுகூட முடிக்காது. ஆகவே அது அலையாகத் தெரியாமல், மெல்லச் சரியும் ஒரு கோடாகத் தெரிகிறது. அதிர்வெண் தொடக்கத்துக்குத் திரும்பும் நொடியில் அந்தக் கோடு சட்டென்று பழைய இடத்துக்குத் தாவுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படிக்கட்டு. மூடி காய்ந்திருந்தபோது அந்தத் தாவல் 3 மில்லிவோல்ட். நனைந்ததும் 40 மில்லிவோல்ட்டைத் தாண்டியது, ஏனென்றால் மெல்லிய நீர்ப்படலம்கூட 24 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பலமாகத் திருப்பியடிக்கும். கைக்கு வந்த சர்க்யூட்டில் முதல் படியிலேயே 100 மடங்கு பெருக்கம். 40 மில்லிவோல்ட் 4 வோல்ட் ஆக வேண்டும், சர்க்யூட்டுக்குக் கிடைப்பதோ 3.3 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குமேல் 60 மீட்டரிலிருந்து வரும் சில மைக்ரோவோல்ட் சிக்னல் எப்படித் தெரியும்?

இந்தத் துறையில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, பார்க்க வேண்டிய மிகச் சிறிய சிக்னல் எவ்வளவு என்பது. அந்தச் சர்க்யூட் படத்திலும் நாய்ஸ் கணக்கு பக்கம் பக்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. மிகப் பெரிய சிக்னல் எவ்வளவு, அது எந்த நேரத்தில் வரும், வந்தபின் சர்க்யூட் தெளிய எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்கு ஒரு வரி கூட இல்லை. ரேடார் பெறுவியில் பெருக்கத்தையும் ஃபில்டரையும் ஏ.டி.சி.யையும் தீர்மானிப்பது அந்தப் பெரிய, வேண்டாத, பக்கத்துச் சிக்னல்தான். இதை ஒருவர் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

சரி, தாவலை ஹை-பாஸ் ஃபில்டரால் (ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) வெட்டிவிடலாம் என்பது எவருக்கும் தோன்றும். விவரக்குறிப்பு, மிக அருகில் இருக்கும் பொருள் 2 கிலோஹெர்ட்ஸ், எனவே 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்ட வேண்டும், மேலே எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே சொல்லியிருந்தது. அதன்படி போர்டு செய்து சீனாவின் ஷென்ஜெனிலிருந்து வரவழைத்தேன். பாகங்கள், அசெம்பிளி, விரைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் வெள்ளிக்குமேல். ரேடார் இப்போது சாகவில்லை, ஆனால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் எதுவும் தெரியவில்லை. கிரேனுக்கு முக்கியமே அந்தத் தூரம்தான்.

காரணம் ஃபில்டரின் நேர மாறிலி, அதாவது ஒரு தாவலை அது எவ்வளவு வேகமாக அடக்கும் என்பதன் அளவு. 1 கிலோஹெர்ட்ஸ் ஹை-பாஸ் என்றால் அது 159 மைக்ரோவிநாடி. ஒரு தாவல் ஆயிரத்தில் ஒரு பங்காக அடங்க அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 1.1 மில்லிவிநாடி வேண்டும். எங்கள் ஒரு சுற்றே 1 மில்லிவிநாடி! ஃபில்டர் பழைய தாவலை ஜீரணிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அந்த வால் முழுக்க அருகிலுள்ள தூரங்களின் மேல் போய்ப் படிகிறது. ஆடியோவிலும் கருவியியலிலும் பழகிய கைக்கு, வேண்டிய குறைந்தபட்ச அதிர்வெண்ணுக்குக் கீழே வெட்டு வைப்பதுதான் இயல்பு. ரேடாரில் அந்தப் பழக்கம் குழியில் தள்ளும். அதிர்வெண் கணக்கு மட்டும் பார்க்காமல், தாவலுக்குப் பிறகு அடங்கும் நேரத்தை ஒரு சுற்றின் நேரத்தோடு எப்போதும் ஒப்பிடுங்கள்.

இடையில் இன்னொரு வழியும் பார்த்தேன். அதிர்வெண் திரும்பும் நேரத்தில் ஒரு அனலாக் ஸ்விட்ச்சால் ஃபில்டர் ரெசிஸ்டரை ஷார்ட் செய்து, கெபாசிட்டரை உடனே அடங்கவைக்கலாம். வேலை செய்யும். ஆனால் ஸ்விட்ச் திறக்கும்போது தானும் கொஞ்சம் மின்னூட்டத்தைச் சிந்துகிறது. அது இன்னொரு சின்னத் தாவல். மிக்சர் தரும் ஐ, கியூ என்ற இரண்டு சேனலிலும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. சுற்றுக்குச் சுற்று மாறாததால் மென்பொருளில் கழித்துவிடலாம், வெப்பம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். கிரேன் மேல் வெயிலில் காயும் பெட்டிக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேறு வழி இல்லாதவர்கள் செய்யலாம்.

எனக்குத் தீர்வு கிடைத்தது எதிர்த்திசையில். ரேடாரில் திரும்பி வரும் திறன் தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதே பொருள் 2 மீட்டரில் இருப்பதற்கும் 60 மீட்டரில் இருப்பதற்கும் ஏறக்குறைய 59 டெசிபெல் வித்தியாசம். தூரம் பத்து மடங்கானால் 40 டெசிபெல் குறையும், அதிர்வெண்ணும் அதே பத்து மடங்கு கூடும். இரண்டாம் வரிசை (செகண்ட் ஆர்டர்) ஹை-பாஸ் ஃபில்டரின் சரிவு என்ன? பத்து மடங்குக்கு 40 டெசிபெல் ஏற்றம்! வெட்டு அதிர்வெண்ணை அடியில் வைக்காமல் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மேல்முனையில் வைத்தால், அருகிலுள்ள பெரிய சிக்னல்களை ஃபில்டரே அமுக்கி, தூரத்துச் சின்ன சிக்னல்களோடு கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ரேடார்க்காரர்களுக்கு இது பழகிய வித்தைதான். வெளியிலிருந்து வருபவருக்கு, சமமாக இருக்க வேண்டும் என்று எழுதிய விவரக்குறிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு, அது எளிதில் தோன்றாது. இதைக் கண்டுகொண்ட இரவு எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

நன்மை அதோடு நிற்கவில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் வெட்டு என்றால் நேர மாறிலி வெறும் 3.3 மைக்ரோவிநாடி, தாவல் 30 மைக்ரோவிநாடிக்குள் அடங்கிவிடுகிறது. முன்பு 1 கிலோஹெர்ட்ஸுக்கு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 48 நானோஃபாரட் தேவைப்பட்டது. அந்த அளவில் சின்னதாகவும் மலிவாகவும் கிடைப்பது எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெபாசிட்டர். அந்த வகை, அதிர்ந்தால் தானே மின்னழுத்தம் உண்டாக்கும். கிரேன் ஓடும்போது மோட்டார் அதிர்வெல்லாம் சிக்னலுக்குள் வந்துகொண்டிருந்தது. பெட்டியை விரலால் தட்டினாலே திரையில் பொருள் தோன்றும். இப்போது 1 நானோஃபாரட் போதும், அதுவும் அதிர்வுக்கு அசையாத சி0ஜி வகையிலேயே சில காசுக்குக் கிடைக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பாகக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு மதியம் ஏறி இறங்கி வாங்கி, பழைய போர்டிலேயே சால்டர் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் புதிய போர்டுக்குப் பணம் கட்டினேன். பெருக்கத்தையும் பிரித்தேன்: முதல் படியில் 5 மடங்கு மட்டும், அதற்குப் பிறகு ஒரு ஹை-பாஸ், பிறகு பெருக்கம், மறுபடி ஒரு ஹை-பாஸ், மீதிப் பெருக்கம். நனைந்த மூடியின் 40 மில்லிவோல்ட் முதல் படியில் 200 மில்லிவோல்ட்தான் ஆகிறது, எங்கும் முட்டுவதில்லை. முதல் படியிலேயே மொத்தப் பெருக்கத்தையும் போட்டால் நாய்ஸ் கணக்கு அழகாக வரும் என்பது உண்மைதான். மழையில் அந்த அழகால் பயனில்லை.

அளவுக் கருவிகளுக்காகவும் நான் தேவைக்குமேல் செலவழித்தேன். 24 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஜெனரேட்டரும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் வாடகைக்கு எடுத்ததில் மூவாயிரம் வெள்ளிக்குக் கிட்ட ஆனது. பேஸ்பேண்டுக்கு அவை வேண்டியதே இல்லை. மிக்சர் வெளியீடு இணையும் இடத்தில் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சாதாரண அலை ஜெனரேட்டரிலிருந்து 40 மில்லிவோல்ட் ரம்பப்பல் அலையையும், கூடவே 20 கிலோஹெர்ட்ஸில் சில பத்து மைக்ரோவோல்ட் சைன் அலையையும் செலுத்துங்கள். பெரியதன் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னது வெளியீட்டில் சுத்தமாகத் தெரிந்தால் சர்க்யூட் பிழைத்தது. களத்தில் பதிவு எடுக்க, 8 பிட் ஆஸிலோஸ்கோப்பை நம்ப வேண்டாம். அதில் பெரிய சிக்னல்தான் தெரியும். 192 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் பதிவு செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கேரொசல் இணையத்தளத்தில் பழையதாக வாங்கினேன். 60 கிலோஹெர்ட்ஸ் வரை வேண்டிய எங்களுக்கு அது அருமையாகப் பொருந்தியது. மழையில் மணிக்கணக்காகப் பதிவு எடுத்து, வீட்டில் உட்கார்ந்து அலசலாம்.

பேய்ப் பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை என் நேரத்தை நிறையத் தின்றன. யாருமே இல்லாத தளத்தில் 10 மீட்டரில் ஒன்று காலையில் நிற்கும், வெயில் ஏற ஏற மெதுவாக 13 மீட்டருக்கு நகரும். ஆள் ஒருவர் நடந்து போவது போலவே இருந்ததால் முதலில் உடல் சிலிர்த்தது. அது 410 கிலோஹெர்ட்ஸில் ஓடும், போர்டுக்கு மின்னழுத்தம் தரும் ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர். பழைய ஏ.டி.சி. விநாடிக்கு 2 லட்சம் முறை மாதிரி எடுத்தது. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்குமேல் உள்ள அதிர்வெண், தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டு வரும்; அதைத்தான் மடிவது என்கிறேன். 400 கழிந்து மீதி 10 கிலோஹெர்ட்ஸ் மடிந்து உள்ளே வந்தது. சூட்டில் ரெகுலேட்டரின் அதிர்வெண் ஒரு சதவீதம்கூட நகரவில்லை, அதுவே 3 மீட்டர் நடையாகத் தெரிந்தது. இன்னொரு பேய் 30 மீட்டரில். அது 170 மீட்டர் தள்ளி நின்ற கப்பலின் இரும்பு உடல், அதுவும் 200இலிருந்து 170 போக 30 என்று மடிந்துதான் வந்தது.

இவற்றைப் பிரித்தறிய நான் கடைசியில் நம்பிய சோதனை ஒன்றே ஒன்று: அதிர்வெண் ஏறும் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். உண்மையான பொருளின் அதிர்வெண் சரியாகப் பாதியாகும். மின்சாரத்திலிருந்து வரும் பேய் இருந்த இடத்திலேயே இருக்கும். தூரத்துப் பொருள் மடிந்து வந்திருந்தால் சம்பந்தமில்லாத இடத்துக்குத் தாவும். எங்கள் கப்பல் 30இலிருந்து 85 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவியது, 170இல் பாதி. ஒரு பலமான பொருளின் இரட்டைத் தூரத்தில் தெரியும் பேய் மட்டும் இந்தச் சோதனைக்கு அகப்படாது, அதுவும் பாதியாகவே குறையும். அதற்குப் பெறும் சிக்னலைக் கொஞ்சம் தணித்துப் பாருங்கள். சர்க்யூட்டின் கோணலால் வரும் இரண்டாம் ஹார்மோனிக் (இரட்டை அதிர்வெண்) என்றால், சிக்னல் 6 டெசிபெல் குறையும்போது அது 12 குறையும். இரண்டு முறை எகிறி வந்த எதிரொலி என்றால் 6 மட்டுமே குறையும். மடிப்புப் பிரச்சினைக்கு நான் செய்தது, விநாடிக்கு 10 லட்சம் மாதிரி எடுக்கும் 16 பிட் ஏ.டி.சி.க்கு மாறி, மீதி வடிகட்டலை டிஜிட்டலில் வைத்தது. பாகத்துக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி கூடுதல். அந்த வெள்ளியை மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள்.

மூடியையும் மாற்றினோம். 2 மில்லிமீட்டர் தட்டையான பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, அந்தப் பொருளுக்குள் அரை அலைநீளம் வரும் 3.7 மில்லிமீட்டர் தடிமனில், தண்ணீர் வழிந்தோடச் சாய்வாக. காய்ந்திருக்கும்போது எதிரொலி நன்றாகக் குறைந்தது. நனைந்தால் குறைப்பு பாதிக்குமேல் போய்விடுகிறது, ஆகவே மூடியை நம்பிச் சர்க்யூட்டைத் தளர்த்த முடியாது.

டிசம்பர் மழையில் புதிய போர்டு நின்று காட்டியது. கடைசித் தவணை வந்தது. அதில் என் கைச்செலவை ஈடுகட்டியதுபோக மிஞ்சியது ஒரு மாத வாடகைக்குச் சற்றுக் கூடுதல். இப்போது யாராவது ரேடார் பேஸ்பேண்டுக்கு விலை கேட்டால், விலை சொல்வதற்கு முன்பே மிக்சர் வெளியீட்டின் மூன்று பதிவுகளைக் கேட்கிறேன்: இறுதிப் பெட்டிக்குள் மூடி காய்ந்த நிலையில் ஒன்று, ஈரத்துணி போட்டு ஒன்று, இயந்திரம் ஓடும்போது ஒன்று. பதிவு இல்லை என்றால் அதை நானே எடுப்பதற்கு ஒரு வாரக் கூலியைத் தனியாக எழுதுகிறேன். சிலர் அந்த வரியைப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள், பரவாயில்லை. "எல்லா வானிலையிலும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த மூடியோடு, எவ்வளவு நீர்ப்படலத்தோடு, எத்தனை மீட்டரில் என்ன தெரிய வேண்டும் என்று எண்களாக எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.